மழைக் கணக்கும் மரக் கணக்கும்



இன்றைய பேச்சை ஒரு தீக்குச்சியிலிருந்து தொடங்க விரும்புகிறேன். 2001ஆம் ஆண்டு, ஜூன் மாதத்தில் ஒருநாள். சிவகாசிக்கும் சாத்தூருக்கும் இடையிலுள்ள ஒரு கரிசல் கிராமத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் புவியியல் நடத்திக்கொண்டிருந்தேன். முன் வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்து வந்து, மருந்து தோய்க்கப்படாத வெள்ளைக் குச்சி ஒன்றை என் மேசையின்மீது வைத்தான். அவனுடைய தாய் தீப்பெட்டித் தொழிற்சாலையில் மரச்சட்டங்களில் குச்சி அடுக்குபவர்.

"சார், இந்தக் குச்சி எந்த மரத்தில் செய்தது? அந்த மரம் நம் ஊரில் ஏன் இல்லை?" என்று கேட்டான்.

"அது மலைக்கு அப்பால் வளரும் மரம். நம் ஊரில் அதற்கு வேண்டிய மழை போதாது" என்றேன். சரியான விடை சொல்லிவிட்டோம் என்ற நிறைவோடு பாடத்துக்குத் திரும்பினேன். பையனோ நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"எவ்வளவு மழை பெய்தால் போதும் சார்?"

இந்த இரண்டாவது கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. ஆசிரியப் பயிற்சி பெற்றவன், பல ஆண்டுகள் பாடம் சொன்னவன். ஆயினும் 'எவ்வளவு' என்ற ஒரு சொல் என்னை நிறுத்திவிட்டது. அந்தச் சொல்லின் பின்னால் சென்று நான் கற்றவற்றையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் நம் ஊரைப் பார்ப்போம். 1922ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று வந்தனர். அடுத்த ஆண்டிலேயே சிவகாசியில் அத்தொழில் வேர்விட்டது. பின்னர்ப் பட்டாசுத் தொழிலும் பெருகிற்று. வேளாண்மைக்குப் பகையாக இருந்த வறட்சி, இத்தொழில்களுக்கு நட்பாயிற்று. தோய்த்த மருந்து உலர வெயில் வேண்டும். காற்றில் ஈரம் குறைந்திருத்தல் வேண்டும். மழை பெய்தால் உழவன் மகிழ்வான். அன்றைக்குப் பட்டாசுத் தொழிலாளியின் வேலை நின்றுபோகும். ஒரே வீட்டில் ஒருவர் மழையை வேண்டுவதும் மற்றொருவர் வெயிலை வேண்டுவதும் நம் பக்கத்தில் புதுமையன்று.

ஆனால் பெட்டியை நிரப்பும் குச்சிக்கு மரம் வேண்டுமே! அதை வறண்ட நிலம் தரவில்லை. கேரளத்தில் மட்டி என்று வழங்கும் மென்மரமும் வேறு சில மரங்களும் மலைக்கு அப்பாலிருந்து லாரிகளில் வந்தன. உலர்த்துவதற்கு இந்தப் பக்கத்து வெயில். குச்சி சீவுவதற்கு அந்தப் பக்கத்து மழை. மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு புறங்களும் ஒரு சிறு தீப்பெட்டிக்குள் ஒன்றுகூடி இருக்கின்றன எனலாம்.

ஜூன் மாதத்தில் அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலைமீது ஏறுகையில் குளிர்ந்து, தன் ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குச் சரிவில் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அது உலர்ந்த காற்று. எனவே நாம் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியிருக்கிறோம். விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாகச் சுமார் 800 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது.

இங்கே ஒரு வியப்பைச் சொல்ல வேண்டும். மட்டி மரத்துக்கு நெருங்கிய உறவான மரம் ஒன்று உண்டு. பெருமரம் என்பது அதன் பெயர். தாவர நூலார் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைப்பர். மட்டி மழை மிகுந்த மலைச்சாரலை நாடுகிறது. பெருமரமோ வறண்ட நிலத்திலும் தழைக்கிறது. அதனால்தான் இப்பொழுது தீக்குச்சிக்காகப் பெருமரத்தைத் தமிழ்நாட்டு உழவர்கள் பயிரிட்டு வருகின்றனர். ஒரு குடும்பத்தில் பிறந்த இருவரில் ஒருவர் ஆற்றங்கரையிலும் மற்றவர் கரிசலிலும் குடியேறியது போன்றது இது. எந்த உயிர் எங்கே வாழ்கிறது, ஏன் அங்கே வாழ்கிறது, அந்த எல்லை எப்பொழுது நகர்கிறது என்று ஆராய்வதே சூழலியல் அறிஞரின் பணிகளுள் ஒன்று.

சரி, 'எவ்வளவு' என்ற கேள்விக்கு வருவோம். 1955ஆம் ஆண்டில் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பெற்றது. ஆன்ரி கோசன் என்னும் பிரெஞ்சுத் தாவரவியல் அறிஞரின் வழிகாட்டலில், தென்னிந்தியாவின் தாவரப் பரப்பைக் காட்டும் வரைபடங்களை அந்நிறுவனத்தார் வரையலாயினர். கன்னியாகுமரியின் பெயர் தாங்கிய வரைபடத் தாள் 1961ஆம் ஆண்டில் வெளிவந்தது. காட்டையும் புல்வெளியையும் மட்டும் அவர்கள் குறித்துவிட்டு நிற்கவில்லை. அவற்றுக்கு அடிப்படையான வெப்பத்தையும் மழையையும் சேர்த்தே குறித்தனர்.

கோசன் வகுத்த விதி மிக எளியது. ஒரு மாதத்தின் சராசரி வெப்பநிலையைச் செல்சியஸ் அளவில் எழுதுங்கள். அதை இரண்டால் பெருக்குங்கள். அந்த மாதத்தில் பெய்த மழை, மில்லிமீட்டர் கணக்கில் அந்த எண்ணைத் தாண்டவில்லையாயின், அது வறண்ட மாதம். சராசரி வெப்பம் 30 பாகை என்றால் 60 மில்லிமீட்டருக்கு மேல் மழை வேண்டும். 25 பாகை என்றால் 50 மில்லிமீட்டர் தாண்டினால் போதும். வெப்பம் கூடக் கூட, அதே மழை போதாமற் போகிறது என்பதைக் கவனியுங்கள். மழை ஒரு துளியும் குறையாமல் வெப்பம் மட்டும் ஏறினாலும் ஈரமான மாதம் வறண்ட மாதமாக மாறக்கூடும்.

மரத்துக்கு ஆண்டின் மொத்த மழை மட்டும் கணக்கன்று. அடுத்தடுத்து எத்தனை வறண்ட மாதங்களை அது தாங்க வேண்டும் என்பதும் கணக்கு. மேற்குச் சரிவின் பசுமை மாறாக் காட்டுக்கு வறண்ட மாதங்கள் சிலவே. நம் கரிசல் நிலத்துக்கு அவை பல. ஆதலின் இங்கே உடையும் வேம்பும் பனையும் நிற்கின்றன. அந்தச் சிறுவனிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்.

மறுவாரமே வகுப்பு மாணவர்கள் பள்ளி வளாகத்தில் ஒரு மழைமானியை நிறுவினர். காலை எட்டரை மணிக்கு அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதினர். கேள்வி கேட்ட பையனே முதல் பதிவாளன். அந்தக் குறிப்பேட்டைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

மாணவர்களே, இதுவரை சொன்னதில் ஒரு பெரிய கேள்வி மறைந்திருக்கிறது. காலநிலைதான் காட்டை அமைக்கிறது என்றால், காலநிலை மாறும்போது காடும் மாறியிருக்க வேண்டுமே? மாறியது என்பதற்குச் சான்று உண்டா?

உண்டு. அது நீலகிரியின் சேற்றில் இருக்கிறது. உயர்ந்த மலைப் பள்ளத்தாக்குகளில் நீர் தேங்கும் இடங்களில், இறந்த செடிகள் முற்றும் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கின்றன. இந்தக் கரிய படிவைப் பீட் என்பார்கள். மேலடுக்கு அண்மைக் காலத்தது; கீழே செல்லச் செல்லப் பழமையானது. சென்னையில் பிறந்தவரும், ஆசிய யானைகளைப் பற்றிய ஆய்வால் உலகப் புகழ் பெற்றவரும், பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவருமான இராமன் சுகுமார், வேறு மூன்று அறிஞர்களுடன் சேர்ந்து இந்தப் படிவை ஆராய்ந்தார். அவ்வாய்வு 1993ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் அறிவியல் ஏட்டில் வெளிவந்தது.

சேற்றைக் கொண்டு பழைய காட்டை எப்படி அறிவது? இயற்கையிலுள்ள கரியணுக்களில் நூற்றுக்கு 99 பங்கு எடை 12 உடையவை. எஞ்சிய ஏறத்தாழ ஒரு பங்கு எடை 13 உடைய கனத்த அணுக்கள். செடிகள் காற்றிலுள்ள கரியமில வாயுவை உணவாக்கும்போது இந்த இரண்டையும் ஒரே அளவில் ஏற்பதில்லை. மரங்களும் நெல்லும் பெரும்பாலான செடிகளும் ஒரு வகையைச் சேர்ந்தவை. அவை கனத்த கரியை மிகுதியாக ஒதுக்கிவிடும். கம்பு, சோளம், கரும்பு, வெப்பநாட்டுப் புற்கள் ஆகியவை மற்றொரு வகை. இவை அவ்வளவாக ஒதுக்குவதில்லை. இரண்டாம் வகை, வெப்பத்தையும் வறட்சியையும் எளிதில் தாங்கும். கரிசல்காட்டில் நம் முன்னோர் கம்பும் சோளமும் விதைத்தது ஏன் என்பதும் இதனால் விளங்கும்.

இனி வழி எளிது. பீட்டின் ஓர் அடுக்கில் கனத்த கரி மிகுந்திருந்தால், அக்காலத்தில் அங்கே வறட்சியை விரும்பும் புல் மிகுந்திருந்தது. குறைந்திருந்தால் ஈரத்தை விரும்பும் தாவரம் மிகுந்திருந்தது. அடுக்கின் வயதையோ கதிரியக்கக் கரியைக் கொண்டு கணிக்கலாம்.

இவ்வாறு அவர்கள் 20,000 ஆண்டு வரலாற்றைப் படித்தனர். உலகின் வடபகுதிகளைப் பெரும் பனிப்பாளங்கள் மூடியிருந்த 20,000 முதல் 18,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் நீலகிரி வறண்டிருந்தது, புல் ஓங்கியிருந்தது. அப்பொழுது காற்றில் கரியமில வாயு குறைந்திருந்ததும் அத்தகைய புல்லுக்குச் சாதகமாயிற்று. ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுப்பெற்று ஈரம் மிகுந்தது. பின்னர் 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முன் மீண்டும் ஒரு வறண்ட காலம். 600 ஆண்டுகளுக்கு முன் சிறிதுகாலம் ஈரம். காடு மேலேறியும் பின்வாங்கியும் வந்திருக்கிறது. அசையாமல் நிற்பதாக நாம் எண்ணும் மலைக்காடு, ஆயிரமாயிரம் ஆண்டு அளவில் பார்த்தால் அசைந்துகொண்டே இருக்கிறது.

"அப்படியானால் இன்று மட்டும் என்ன கவலை? காடு தானே நகர்ந்துகொள்ளுமே" என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. விடை இரண்டு.

முதலாவது, வேகம். பனிக்காலம் முடிந்து உலகம் ஐந்தாறு பாகை வெப்பமடைய ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகள் ஆயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால், இன்று உலகின் சராசரி வெப்பம் ஒரு பாகைக்கும் மேலாக ஏறிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு, இப்பொழுது 420 பங்கையும் தாண்டிவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் சேர்த்தது அது. மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு பாகை வெப்பம் குறையும் என்று படித்திருப்பீர்கள். வகுத்துப் பாருங்கள். ஒரு பாகை வெப்பம் கூடினால், பழைய குளிர்ச்சியைத் தேடி ஒரு மரவினம் சுமார் 160 மீட்டர் மேலே செல்ல வேண்டும். மரத்துக்குக் கால் இல்லை. விதை விழுந்து, முளைத்து, வளர்ந்து, மறுபடி விதைத்துத்தான் அது நடக்க முடியும். அவ்வாறு நடந்தாலும் மலைக்கு ஓர் உச்சி உண்டு. அதற்கு மேல் இடம் இல்லை.

இரண்டாவது, வழி. பனிக்காலத்தில் கடல் மட்டம் இன்றைக்குச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக் நீரிணைப் பகுதி அப்பொழுது நிலம். தமிழகமும் இலங்கையும் ஒன்றாக இணைந்திருந்தன. உயிர்கள் இடம்பெயர வழி இருந்தது. நம் மாவட்டத்து மலையில் வாழும் சாம்பல்நிற அணிலை எடுத்துக்கொள்வோம். இந்த இனம் உலகில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கிறது. கடல் கடந்து நீந்த இயலாத இந்த உயிர் இரு கரைகளிலும் இருப்பது, பழைய நிலப்பாதையை நமக்கு நினைவூட்டுகிறது.

அந்த அணிலுக்காகவே 1988ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சரணாலயம் அமைந்தது. 2021ஆம் ஆண்டில் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயிற்று. மர உச்சியில் கூடு கட்டி, கிளைவிட்டுக் கிளை தாவி வாழும் இந்த அணில், தரையில் இறங்குவதை விரும்பாது. ஓடைக்கரையில் கிளைகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும் மரவரிசைதான் அதன் சாலை. நடுவே நாலு மரம் பட்டுப்போனால் அதற்குப் பாலம் உடைந்தது போலாகும். அன்றைக்கு இடம்பெயர்ந்த உயிர்களின்முன் நீண்ட காடு இருந்தது. இன்றைக்கு அவற்றின்முன் சாலையும் தோட்டமும் ஊரும் இருக்கின்றன.

இத்தகைய மாற்றத்தை வருமுன் அறிவது எவ்வாறு? மீண்டும் நீலகிரிப் பக்கமே செல்வோம். 1988ஆம் ஆண்டில், முதுமலைக் காட்டில் 50 ஹெக்டேர் நிலத்தை இந்திய அறிவியல் நிறுவனத்தார் நிலையான ஆய்வுக்களமாக அளந்தனர். அதில் ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்தண்டுக்கும் எண் பொறித்த தகடு கட்டினர். முதற் கணக்கில் அவை இருபத்தையாயிரத்துக்கும் மேல். பின்னர் ஆண்டுதோறும் சென்று, எது இறந்தது, எது புதிதாகத் தோன்றியது என்று எழுதினர். யானை முறித்ததும் தீயில் கருகியதும் அந்தக் கணக்கில் ஏறின.

பத்தொன்பது ஆண்டுக் கணக்கை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. பெரிய மரங்கள் வறட்சி வந்த ஆண்டிலேயே இறந்துவிடுவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தே அதன் விளைவு சாவுக் கணக்கில் தெரிகிறது. வறட்சி போய், மழை வந்து, மக்கள் மறந்த பின்னர் மரம் விழுகிறது. விழுந்த ஆண்டின் மழையை மட்டும் பார்ப்பவனுக்குக் காரணம் ஒருநாளும் புலப்படாது. விடாமல் எழுதி வைத்தவனுக்கே புலப்படும்.

இதை நான் நூலில் மட்டும் கற்கவில்லை. என் குறையினாலும் கற்றேன்.

எங்கள் பள்ளியின் மழைக் குறிப்பேடு 2001 முதல் பதினோர் ஆண்டுகள் ஒழுங்காக நடந்தது. ஒரு வகுப்பு போனால் அடுத்த வகுப்பு அதை ஏற்றுக்கொள்ளும். 2012ஆம் ஆண்டில் எனக்குத் தலைமையாசிரியர் பொறுப்பு வந்தது. கூட்டங்களும் பதிவேடுகளும் சான்றிதழ்களும் என் காலையை எடுத்துக்கொண்டன. மழைமானியின் புனலில் சருகு அடைத்தது. நாளை பார்ப்போம் என்றேன். அந்த நாளை வரவில்லை. 2017இல் ஓய்வு பெற்றபோது அந்தக் குறிப்பேட்டை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

2019ஆம் ஆண்டில் அந்தப் பழைய மாணவன் என்னைத் தேடி வந்தான். தந்தையின் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்மாய்க் கரையையொட்டி அவனுடைய பாட்டனார் வைத்த புளிய மரங்களில் பல, முந்திய ஆண்டில் பட்டுப்போயிருந்தன.

"சார், மறுபடியும் புளி வைக்கலாமா, வேறு மரம் வைக்கலாமா என்று தெரியவில்லை. மழை இல்லாமல் செத்தனவா, கரையில் மண் வெட்டியதில் வேர் அறுந்து செத்தனவா? 2015, 2016இல் நம் ஊரில் எவ்வளவு மழை பெய்தது சார்? நம் நோட்டில் இருக்குமே" என்றான்.

மீண்டும் அதே 'எவ்வளவு'. 2016ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதும் பெரிதும் பொய்த்தது என்று என்னால் சொல்ல முடிந்தது. ஆனால் கரிசல்காட்டு மழையின் இயல்பை நீங்கள் அறிவீர்கள். ஓர் ஊரில் ஓடை புரளும், அடுத்த ஊரில் புழுதி பறக்கும். எங்கள் ஊரில் எவ்வளவு என்பதைக் குறிப்பேடுதான் சொல்ல வேண்டும். அதைத் திறந்தேன். 2012க்குப் பிறகு வெற்றுத் தாள்கள்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. தன் கையெழுத்திலிருந்த முதல் பக்கத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "பரவாயில்லை சார்" என்றான். நான் பெற்ற தண்டனைகளில் அதுவே பெரிது.

மாணவர்களே, வானிலை வேறு, காலநிலை வேறு. இன்றைய வெயிலும் நாளைய மழையும் வானிலை. முப்பது ஆண்டுகளின் சராசரியைத்தான் காலநிலை என்று அறிஞர்கள் கொள்கின்றனர். முப்பது ஆண்டு என்பது ஏறக்குறைய ஓர் ஆசிரியரின் பணிக்காலம். ஒருவர் தொடங்கி, மற்றவர் தொடர்ந்து, மூன்றாமவர் பயன்கொள்ளும் வேலை இது. ஆராய்ச்சி என்றவுடன் கண்ணாடிக் குழாய்களையும் பெரிய கருவிகளையும் எண்ணி அஞ்ச வேண்டா. எண்ணி எழுதும் பொறுமையும் ஆராய்ச்சியே.

நேரான பக்கங்களையுடைய ஒரு டப்பாவும் ஓர் அளவுகோலும் இருந்தால் இன்றைக்கே தொடங்கலாம். திறந்த வெளியில் வைத்து, காலை எட்டரை மணிக்கு அளந்து, நீரைக் கொட்டிவிட்டு எழுதுங்கள். மழை பெய்யாத நாளில் சுழியம் என்று எழுதுங்கள். அந்தச் சுழியத்துக்கும் மதிப்பு உண்டு. உங்கள் தெரு வேம்பு எந்த நாளில் பூத்தது, புளி எப்பொழுது தளிர்த்தது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். ஒவ்வொரு மாதமும் கோசன் விதியைப் போட்டு, அது ஈர மாதமா, வறண்ட மாதமா என்று தீர்மானியுங்கள். பள்ளியை விட்டுச் செல்லும் நாளில் குறிப்பேட்டை அடுத்தவர் கையில் ஒப்படையுங்கள்.

அந்த மாணவன் கரையில் மறுபடியும் புளி வைத்தான். ஒரு வரிசை பெருமரமும் வைத்தான். எது நிற்கிறது என்று பார்ப்போம் என்றான். மழைமானி இப்பொழுது என் வீட்டு முற்றத்தில் இருக்கிறது. அவனுடைய மகள் காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் வந்து அளந்து, எண்ணை என்னிடம் சொல்கிறாள். நான் எழுதுகிறேன். 2012க்கும் 2019க்கும் இடையே உள்ள வெற்றுத் தாள்களை நான் கிழிக்கவில்லை. அவையும் அங்கேயே இருக்கட்டும்.